புற்றோரம் போன நாலாவது ட்ராக்

மைதானம் சின்னதாக இருந்தால் அதில் நடக்கும் அநியாயமும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். நான் ஒரு கணக்கு வாத்தியார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் இன்னும் மோசமாகச் சிரிப்பீர்கள்.

விஷயம் இதுதான். வட்டமான பாதையில் நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், வெளியில் ஓடுகிறவளுக்குத் தூரம் கூடுதல். அதனால் புறப்படும் இடத்தில் அவளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். இதுவரை எனக்குத் தெரியும், டி.வி.யில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தள்ளி என்பதுதான் தெரியாது. போனில் தேடினேன். நானூறு மீட்டர் சுற்றளவுள்ள பெரிய மைதானத்தில், ஒரு ட்ராக்கின் அகலம் ஒரு மீட்டர் என்றால், ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஆறேகால் மீட்டரும் கொஞ்சமும் தள்ள வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் படம் வரைந்து போட்டிருந்தான். எங்களுக்கும் ட்ராக் ஒரு மீட்டர் அகலம்தான்; ஆனால் எங்கள் பள்ளி மைதானத்தை ஒரு சுற்று சுற்றினால் நூற்றைம்பது மீட்டர் தேறும். பாதிக்கும் குறைவு. ஆகவே தள்ளி நிறுத்துவதும் பாதிக்கும் குறைவு. பெரிய தோசைக்குப் பெரிய கரண்டி சட்னி, சின்ன தோசைக்குச் சின்னக் கரண்டி. ட்ராக்குக்கு இரண்டரை மீட்டர் என்று முடிவு செய்து, சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, கையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். இது போன வருஷம்.

கணக்கு வாத்தியாருக்கு மைதானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்களுடையது கோவிந்தாபுரம் பக்கம், எல்லையின் மலையாளப் புறத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவில் உள்ள தமிழ் மீடியம் பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும். விளையாட்டுக்கென்று தனி வாத்தியார் கிடையாது. நான் மாற்றலாகி வந்த முதல் வாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் என் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "சாரே, நீங்க மூணாறு அல்லே? மலை ஏறி எறங்கின காலு. காயிகமேள உங்க சார்ஜ்" என்றார். காயிகமேள என்றால் விளையாட்டு விழா. எங்கள் பக்கத்தில் அரசாங்கம் சம்பந்தப்பட்ட எதுவும் மலையாளத்தில்தான் வந்து இறங்கும்.

நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் சமதரையே கிடையாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? பந்து ஒரு தடவை கையைவிட்டு நழுவினால் தேயிலைக்குள் உருண்டு அடுத்த டிவிஷனுக்குப் போய்விடும். அதைத் தேடிக்கொண்டு வருவதுதான் எங்கள் விளையாட்டு. வட்டமான ஓட்டப்பாதையை நான் முதன்முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு. ஆனாலும் "ஆமா டீச்சர்" என்றேன். பயந்தால் எனக்கு வரும் முதல் வார்த்தை அதுதான்.

எங்கள் மைதானம் சரியான வட்டமும் இல்லை. தெற்கு ஓரத்தில் ஒரு புற்று இருக்கிறது. செவ்வாய், வெள்ளி என்றால் பெண்கள் வந்து பால் ஊற்றி, மஞ்சள் தடவி, சூடம் கொளுத்திவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் பிறகு வந்தது; புற்று முன்னாலேயே இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் வளரும், மைதானம் கொஞ்சம் சுருங்கும். அதன்மேல் கோடு போடுகிற தைரியம் எந்த வாத்தியாருக்கும் இருந்ததில்லை. அதனால் ஓட்டப்பாதை அந்த இடத்தில் உள்ளே வளைந்து, புற்றுக்கு மரியாதை கொடுத்துவிட்டு மறுபடியும் வெளியே வரும். மேலேயிருந்து பார்த்தால் முந்திரிக்கொட்டை மாதிரி இருக்கும். முதல் ட்ராக்குக்காரிக்குக் கவலையில்லை. நாலாவது ட்ராக்குக்காரி புற்றை உரசிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

போன வருஷம் பெண்கள் ஒரு சுற்று ஓட்டத்தில் நாலாவது ட்ராக்கில் ஓடியவள் ஆறாம் வகுப்புச் சிறுமி. பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. பிள்ளைகள் அவளைச் சுண்டைக்காய் என்பார்கள். ஆள் அவ்வளவுதான், வேகம் மட்டும் தனி. பயிற்சி ஓட்டத்தில் பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சமமாக ஓடக்கூடியவள் ஒருத்திதான். அவள் கொக்கு, அதே வகுப்பு. ஏன் கொக்கு என்று காலைப் பார்த்தாலே தெரியும்.

போட்டியன்று கொக்கு முதலில் வந்தாள். சுண்டைக்காய் கடைசியில் வந்தாள். அதுவும் பாவம் பார்க்கும்படியான கடைசி. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"நாலாவது ட்ராக்குல சாமி இருக்குதுங்க சார். புத்துகிட்ட வந்தா காலப் புடிச்சு இழுக்குது."

வாரத்துக்கு ஒருமுறை அசெம்பிளியில் அறிவியல் மனப்பான்மை பற்றிப் பேசுகிறவன் நான். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சாமி இழுத்ததாகவே இருக்கட்டும் என்று சந்தோஷமாக விட்டுவிட்டேன். அவளுடைய அப்பா மாங்காய் ஏற்றும் டெம்போவை நிறுத்திவிட்டு வந்து, "ஏனுங்க சார், ஊட்டுல நாயத் தொரத்தற புள்ளைங்க. இங்க வந்து எப்புடிங்க கடேசி?" என்று கேட்டபோதும், புற்றின் பக்கமாகக் கண்ணைக் காட்டினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்த வருஷம் சுண்டைக்காய் ஏழாம் வகுப்பு. அடுத்த வருஷம் வேறு பள்ளிக்கூடம். அங்கே பெரிய பெண்களோடு இவளை யார் ஓட விடுவார்கள்? எங்கள் பள்ளியிலிருந்து இந்த ஓட்டத்துக்கு முதலில் வரும் ஒருத்திதான், சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் ஓடும் உபஜில்லாப் போட்டிக்குப் போக முடியும். அவளுக்கு இருப்பது இந்த ஒரு ஓட்டம்தான். அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் சாயங்காலம் தோப்புச் சாலையில் அவள் தனியாக ஓடுவதைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

ட்ராக் யாருக்கு எது என்று சீட்டுப் போட்டோம். சுண்டைக்காய் சாக்பீஸ் டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"நா ஓடலைங்க சார்."

"ஏ புள்ள, என்ன நம்பர்?"

"நாலுங்க."

வகுப்பு மொத்தமும் 'ஐயோ' என்றது. பின்பெஞ்சில் ஒருத்தன், "சாமிக்கு அவளப் புடிச்சுப் போச்சாட்டருக்குதுங்க சார்" என்றான். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் எப்படியோ ஆபீசுக்குப் போய்விட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "சாரே, போன வருஷம் அந்தக் குட்டியோட அச்சன் வந்தது ஞான் மறக்கலை. இந்த வருஷம் ஒரு பராதி வரக்கூடாது. புத்துனாலயா, கோட்டுனாலயா, நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"ஆமா டீச்சர்" என்றேன். பராதி என்றால் புகார். ஆபீசிலிருந்து வகுப்புக்கு நடக்கிற தூரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்த பீரியட் கணக்கு. நேரம் வேண்டும், ஒரு வழி வேண்டும். இந்த மாதிரி நேரங்களில் வாத்தியார்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. நமக்குத் தெரியாததைப் பிள்ளைகளிடம் கேள்வியாகக் கேட்டுவிட்டு, அதற்குப் புதிய கற்பித்தல் முறை என்று பெயர் வைப்பது.

"இன்னிக்குப் புத்தகம் வேண்டாம்" என்றேன் கம்பீரமாக. "நாலாவது ட்ராக்ல இருக்கது சாமியா, கோடா? கண்டுபிடிங்க பாப்போம்."

கொக்கு எழுந்தாள். "சார், போன வருஷம் ட்ராக்குக்கு ரெண்டரை மீட்டர் தள்ளி வெச்சீங்களே, அது எப்புடிங்க வந்துச்சு?"

தோசை, சட்னி எல்லாவற்றையும் விளக்கினேன். அழகாகத்தான் விளக்கினேன்.

"அளந்து பாத்தீங்களா சார்?"

"கணக்குப் போட்டேன்."

"அளக்கலீங்களா?"

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் வழியாக மாமரத்தைப் பார்ப்பது நல்லது. நான் பார்த்தேன்.

மைதானத்தை அளக்கும் முன் சின்னதாக ஏதாவது அளப்போம் என்று எல்லாரையும் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சோறு வடித்து முடித்த பெரிய அண்டா காலியாக இருந்தது. அதை முற்றத்தில் கவிழ்த்தோம். சமையல்கார அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க சார், அதுல அளக்கறதுக்கு என்னங்க இருக்குது? பள்ளிக்கூடத்துக்கே சோறு வேகும். அளந்தாலும் அதேதான்."

"வெளிச்சுத்து அளக்கோம் அக்கா."

"கருப்பு ஆகிப் போயிருமுங்க கை" என்றவர் அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

அண்டாவின் விளிம்பை ஒட்டி மண்ணில் ஒரு வட்டம் போட்டார்கள். அதற்கு வெளியே, எல்லாப் பக்கமும் ஒரு சாண் தள்ளி இன்னொரு வட்டம். யார் சாண் என்று ஒரு சண்டை வந்தது. சுண்டைக்காயின் சாண் அளவுக்கு ஒரு குச்சியை ஒடித்து, இனி இதுதான் சாண் என்று தீர்ப்புச் சொன்னேன். கயிற்றை உள்வட்டத்தின் மேல் போட்டு அளந்தார்கள், பிறகு வெளிவட்டத்தின் மேல். வெளிவட்டம் ஆறு சாணும் கொஞ்சமும் கூடுதல்.

"இது பெரிய வட்டம். இப்பச் சின்ன வட்டம்" என்று ஒரு சோற்றுத் தட்டைக் கவிழ்த்தேன். சின்ன தோசை, சின்ன சட்னி. என் மானம் அந்தத் தட்டின் அடியில் இருந்தது.

தட்டைச் சுற்றி ஒரு வட்டம், ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அளந்தார்கள்.

"ஆறு சாணும் கொஞ்சமுங்க சார்."

"சரியா அளங்க."

மறுபடி அளந்தார்கள். அதேதான். பின்பெஞ்சுக்காரன் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி வைத்தான். மூடியைச் சுற்றி, ஒரு சாண் தள்ளி. அதேதான். ஒரு பெண் மண்ணில் வெறும் புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வட்டம் போட்டாள். ஆறு சாணும் கொஞ்சமும். பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்தார்கள். வாளி, சல்லடை, அக்காவின் குழம்புச் சட்டி. எதைச் சுற்றினாலும் ஒரு சாணுக்கு ஆறேகால் சாண்.

"அப்ப அண்டா பெருசா இருந்தா என்ன, மூடி சின்னதா இருந்தா என்ன" என்றாள் கொக்கு மெதுவாக. "தள்ளற அளவு மட்டுந்தானுங்க கணக்கு. ஒரு மீட்டர் தள்ளினா ஆறேகால் மீட்டர் கூடும். எந்த மைதானமா இருந்தாலும்."

வருஷக்கணக்காக நான் பலகையில் எழுதிவரும் சூத்திரம் இது. இரண்டு பை ஆர். ஆரோடு ஒன்றைக் கூட்டினால் சுற்றளவில் இரண்டு பை கூடும், பழைய ஆர் எவ்வளவாக இருந்தாலும். அதை அவ்வளவு வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மைதானத்தில் வந்து தோசை சுட்டிருக்கிறேன்.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். பின்பெஞ்சுக்காரன் ஏற்கெனவே விரல் மடக்கிக்கொண்டிருந்தான். ட்ராக்குக்கு ஆறேகால் கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டரை. ஒரு ட்ராக்குக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாலாவது ட்ராக்குக்குப் போகும்போது மூன்று மடங்கு.

"ஏப்புள்ள" என்றான் சுண்டைக்காயைப் பார்த்து. "போன வருஷம் நீ பதினோரு மீட்டருக்கு மேல கூட ஓடியிருக்கற."

குழம்புச் சட்டியைத் தேடி எழுந்த அக்காகூட அப்படியே நின்றுவிட்டார். சுண்டைக்காய் என்னைப் பார்த்தாள்.

"அப்ப சாமி இல்லீங்களா சார்?"

"இல்ல புள்ள. நாந்தான்."

மடித்த சீட்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று ட்ராக்குக்கும் ஆறேகால் கொடுத்தால் நியாயம் ஆச்சு, நான் தப்பித்தேன். மறுநாள் கோடு போடக் கயிற்றோடு மைதானத்துக்குப் போனால், கொக்கு புற்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், இது வட்டம் இல்லீங்களே."

"அதுக்கென்ன?"

"இங்க பாருங்க. இந்த எடத்துல பாதை உள்ள வளையுது. புத்துகிட்ட நாலாவது ட்ராக்குதான் கிட்டத்துல போகுது. அவளுக்கு இங்க தூரம் கம்மி. எனக்குத்தான் சாஸ்தி. அப்பறம் எதுக்குங்க அவளுக்கு முழுசா ஆறேகால்?"

கொக்குக்கு இந்தத் தடவை முதல் ட்ராக். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் என் பிரச்சினை. அநியாயமாகக் கேட்டால் அதட்டிவிடலாம். முந்திரிக்கொட்டைக்குச் சுற்றளவுச் சூத்திரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. போனில் தேடலாம் என்றால், புற்றைச் சுற்றி ஓட்டப்பாதை போடுவது எப்படி என்று எந்தப் புண்ணியவானும் படம் போட்டிருக்க மாட்டான்.

"அவ சொல்றது செரிதானுங்க" என்றாள் சுண்டைக்காய். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. "அதயும் பாத்துப்போடலாமுங்க சார். அப்பறம் யாரும் சொல்லக் கூடாது."

ஒருத்தன் தோப்புக்குப் போய் மாங்காய் பறிக்கும் கோல் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் ஒரு மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொண்டு, முதல் கோட்டின் மேல் ஒரு பையனை நடக்கவிட்டோம். கோலை எப்போதும் வெளிப்பக்கமாக, தனக்கு நேர் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போக வேண்டும். கோலில் குறித்த இடம்தான் இரண்டாவது ட்ராக்கின் கோடு. மற்றவர்கள் அதையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். பார்க்க ஒரு சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது. புற்றுக்கு வந்த ஒரு அம்மாள் பால் சொம்போடு ஒதுங்கி நின்று கும்பிட்டார்.

நேராகப் போகிற இடத்தில் காலும் கோலும் சமமாகவே நடந்தன. இடப்பக்கம் திரும்பினால் கோல் முன்னால் வீசியது. அங்கேதான் வெளிக்காரிக்குத் தூரம் கூடுகிறது. புற்றின் அருகே பையன் வலப்பக்கம் திரும்பினான். கோல் பின்வாங்கியது.

"பாத்தீங்களா" என்றாள் கொக்கு.

"இரு புள்ள, இன்னும் அங்கிட்டு இருக்கு" என்றேன். என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "அங்கிட்டு" என்று இரண்டு பேர் என்னைப் போலவே சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். அது தினமும் நடப்பதுதான்.

புற்றைத் தாண்டி வந்ததும் பையன் மறுபடி இடப்பக்கம் நிறையத் திரும்ப வேண்டியிருந்தது. கோல் மறுபடி வீசியது. அவன் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றதும் சுண்டைக்காய் கையைத் தூக்கினாள்.

"சார், புத்துக்காக உள்ள போறதுக்கு முன்னாடியே ஒருக்கா சாஸ்தி திரும்பறான். வெளிய வந்த பொறகும் சாஸ்தி திரும்பறான். நடுவுல எதுக்கால, சோத்தாங்கைப் பக்கமாத் திரும்புனது அதுல கழிஞ்சு போகுதுங்க."

"கழிஞ்சு?"

"மொதல்ல மலையப் பாத்து நின்னான். இப்ப வந்து மறுபடி மலையப் பாத்து நிக்கறான். மொத்தத்துல ஒரு சுத்துதானுங்க திரும்பியிருக்கறான். மூடியச் சுத்தினாலும் ஒரு சுத்து, இதச் சுத்தினாலும் ஒரு சுத்து."

நான் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ கிறுக்கினேன், யோசிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. யோசிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. பாதை எப்படி வளைந்தாலும் தன்னையே குறுக்கே வெட்டாமல் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தால், நீங்கள் திரும்பியது ஒரே ஒரு முழுச் சுற்று. கோல் கூடுதலாக நடப்பது அந்தத் திருப்பத்துக்கு மட்டும்தான்.

கொக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அளந்தா நம்பறேனுங்க."

சுண்டைக்காயின் அப்பா டெம்போவில் தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு வந்தது. ஒன்றோடொன்று முடிந்து, முதல் கோட்டின் மேல் முழுக்கப் போட்டோம். விலகாமல் இருக்க பத்தடிக்கு ஒரு பிள்ளை காலால் மிதித்துக்கொண்டு நின்றது. கயிற்றில் அடையாளம் வைத்து, அதையே நாலாவது கோட்டின் மேல் போட்டோம். புற்றோரம் மிதிக்க யாரும் வரவில்லை. நான்தான் நின்றேன். பொந்தைப் பார்த்துக்கொண்டே, நான் கணக்குக்காக வந்திருக்கிறேன், என்னால் வேறு தொந்தரவு இருக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அறிவியல் மனப்பான்மை.

கயிறு தீர்ந்த இடத்திலிருந்து கோடு முடிய எவ்வளவு மிச்சம் என்று டேப் பிடித்தார்கள். ஆறேகாலும் கொஞ்சமும் மூன்று தடவை என்றால் பத்தொன்பது மீட்டருக்கு ஒரு சாண் குறைவாக வர வேண்டும். கொக்குதான் டேப்பைப் படித்தாள். குனிந்து இன்னொரு தடவை படித்தாள்.

"வருதுங்க சார்" என்றாள்.

விழா அன்று காலையில் அடுத்த கண்டம் வந்தது. பத்தொன்பது மீட்டர் என்று சொல்வது சுலபம். எங்கள் மாதிரிச் சின்ன மைதானத்தில் அது சுற்றில் எட்டில் ஒரு பங்கு. முதல் ட்ராக்கில் கொக்கு நின்றாள்; நாலாவது ட்ராக்கில் சுண்டைக்காய் எங்கேயோ தூரத்தில், வேறு போட்டிக்கு வந்தவள்போல நின்றாள். பெற்றோர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு போனும் மெதுவாக இறங்குவதைப் பார்த்தேன்.

மேடையில் இருந்த பஞ்சாயத்து மெம்பர் மைக்கிலேயே கேட்டார். "ஏனுங்க சார், அந்தப் புள்ள அவ்வளவு முன்னால நிக்குது. பாதி தூரம் ஓடி முடிச்சுப்போட்டுதா?"

கூட்டம் சிரித்தது. கொக்குவின் அம்மா சிரிக்கவில்லை. கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"என்ர புள்ளயக் கடேசில நிக்க வெச்சுப்போட்டு அவளக் கொண்டுபோயி அக்கட்டால நிக்க வெச்சா, இது என்னங்க ஓட்டம்? போன வருஷம் இப்புடி இல்லியே."

"போன வருஷந்தானுங்க அத்தை தப்பு" என்றான் பின்பெஞ்சுக்காரன். பிறகு ஏழாம் வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. அண்டா, மூடி, குச்சி, கோல், மலையைப் பார்த்து நின்றது எல்லாம் சேர்ந்து ஒலித்தது. கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தையும் விளங்கியிருக்காது. சமையல்கார அக்கா மட்டும் தூரத்திலிருந்து, "ஆமாமுங்க, அண்டாவுல நா பாத்தேன்" என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் என்னைப் பார்த்தார். பராதி என்ற சொல் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மெம்பர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "கொஞ்சம் பின்னால நிறுத்தீருங்க சார். ஒரு பத்து மீட்டர் போதாதுங்களா? ரெண்டு பக்கமும் சமாதானமாப் போயிரும்" என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டரைக்கும் ஆறேகாலுக்கும் நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால் யாரும் என்னை அடிக்க மாட்டார்கள். "ஆமா" என்று வாய் திறந்துவிட்டேன். சுண்டைக்காய் அந்தத் தூரத்திலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எடுத்துப் பின்னால் வைக்கக்கூடத் தயாராகிவிட்டாள் என்று தோன்றியது.

"இருக்கட்டுமுங்க சார்" என்றாள் கொக்கு. அவள் தன் கோட்டில் கையை ஊன்றியபடியே சொன்னாள். "அம்மா, நீ வெளிய போ. டேப்ப நாந்தான் புடிச்சேன்."

"அவங்க உன்ன ஏமாத்தறாங்க கண்ணு."

"நீ போ அம்மா. ஓடி முடிச்சுட்டு வர்றேன்."

அம்மா போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. நான் வாயை மூடி, விசிலை வைத்து ஊதினேன்.

முதல் பாதியில் சுண்டைக்காய் வெகு தூரம் முன்னால் இருப்பதுபோல் தெரிந்தது. கூட்டம் "பாத்தியா, பாத்தியா" என்றது. புற்றருகே அவள் போனபோது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். அவள் காலை யாரும் பிடிக்கவில்லை. புற்றைத் தாண்டி வளைவில் அந்த இடைவெளி தானாகவே கரையத் தொடங்கியது. கடைசி நேர்ப்பாதைக்கு வரும்போது நாலு பேரும் ஒரே வரிசையில் வந்தார்கள், யாரோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவதுபோல. மெம்பர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கடைசியில் இரண்டு பேர் மட்டும் முன்னால் பிரிந்து வந்தார்கள்.

ஓட்டம் முடிந்ததும் நான் முதலில் செய்த வேலை, டேப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்ட கோடுகளை மறுபடி அளந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். குனிந்து நிமிர்ந்தால் டேப்பின் மறுமுனையைச் சுண்டைக்காய் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் புழுதி.

"சரிதானுங்களா சார்?"

"சரிதான் புள்ள."

"ஒவ்வொரு ட்ராக்கும்?"

"ஒவ்வொண்ணும்."

அவள் டேப்பை விட்டாள். அது சுருண்டு என் கையில் வந்து அடித்தது. "அப்பச் செரிங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

கொக்கு முதலில் வந்திருந்தாள். சுண்டைக்காய் ஒரு கை நீளம் பின்னால், இரண்டாவது. உபஜில்லாப் போட்டிக்குக் கொக்கு போனாள்.